நவம்பர் 7-இல் அப்படி என்ன இருக்கிறது? ஒரே நாளில் பிறந்த பிரபலங்கள் பற்றிய இழை

நவம்பர் 7, வாசகர் ஒருவர் தொடங்கியது

மேரி கியூரி (1867), லீசே மைட்னர் (1878), சர் சி. வி. ராமன் (1888). மூவரும் இயற்பியல். மூவருக்கும் பிறந்தநாள் இன்றைக்குத்தான். தற்செயல் என்று சொல்லித் தள்ளிவிடுவீர்களா? கூடவே எழுத்தாளர் ஆல்பெர் காம்யு, நம் கமல்ஹாசன் வேறு. இந்தத் தேதியில் ஏதோ இருக்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

நவம்பர் 7, இரவு

மறுக்கத்தான் வந்தேன். ஆனால் முதலில் உங்கள் கட்சிக்கே ஆள் சேர்த்துவிடுகிறேன். கான்ராட் லோரென்ஸ், 1903, வியன்னா. முட்டையிலிருந்து வெளிவந்த வாத்துக் குஞ்சுகள் தன்னையே தாய் என்று நினைத்துப் பின்னால் நடந்துவர, அதையே ஆராய்ச்சியாகச் செய்தவர். 1973-இல் நோபல். எரிக் கேண்டல், 1929, அதே வியன்னா. நினைவு எப்படிப் பதிகிறது என்று கடல் நத்தையின் நரம்புகளில் தேடியவர். 2000-இல் நோபல். மைட்னரும் வியன்னாதான். ஆக, நவம்பர் 7, வியன்னா, விஞ்ஞானி என்று மூன்று பேர் தேறுகிறார்கள்.

கியூரி, ராமன், காம்யு, லோரென்ஸ், கேண்டல் என்று நோபல் வாங்கியவர்கள் மட்டும் ஐந்து. மைட்னருக்கும் கொடுத்திருந்தால் ஆறு. அணுக்கருப் பிளவுக்கு இயற்பியல் விளக்கம் கொடுத்தவரை விட்டுவிட்டு, கூட வேலைசெய்த ஓட்டோ ஹானுக்கு மட்டும் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, அது தனி இழைக்கு.

இவ்வளவு நல்ல பட்டியலை உடைக்க மனம் வரவில்லை. நாளைக்கு உடைக்கிறேன்.

நவம்பர் 8

சரி. நோபல் வாங்கிய மனிதர்கள் மொத்தம் கிட்டத்தட்ட ஆயிரம் பேர். வருடத்தில் 366 தேதிகள். சமமாகப் பிரித்தால் தேதிக்கு 2.7 பேர். ஆனால் தற்செயல் சமமாகப் பிரிக்காது. சில தேதிகளில் ஒருவரும் இருக்கமாட்டார், சில தேதிகளில் கூட்டம் சேரும். சராசரி 2.7 என்றால், ஐந்து பேரோ அதற்கு மேலோ விழக்கூடிய தேதிகள் வருடத்தில் சுமார் ஐம்பது. அந்த ஐம்பதில் நவம்பர் 7-உம் ஒன்று, அவ்வளவுதான்.

இன்னொன்று. நீங்கள் பட்டியலைத் தொடங்கிய விதத்தைப் பாருங்கள். முதல் மூவர் இயற்பியலில் இருந்ததால் 'இயற்பியல்' என்று தலைப்பு வைத்தீர்கள். கமல் அதில் சேரமாட்டார் என்பதால் 'வேறு' என்று ஓரமாக உட்கார வைத்தீர்கள். ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கி (1879), பாடகி ஜோனி மிட்செல் (1943) இருவரையும் கூப்பிடவே இல்லை. அவர்களுக்கும் இதே நாள்தான். யார் உள்ளே, யார் வெளியே என்பதை முடிவுசெய்தது தேதி அல்ல, நீங்கள்.

நவம்பர் 8, கொஞ்ச நேரம் கழித்து

ஜோனி மிட்செலுக்கும் ராமனுக்கும் பொதுவாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார் ஒருவர். நீல நிறம். மிட்செலின் புகழ்பெற்ற இசைத்தொகுப்பின் பெயரே 'நீலம்' (Blue). ராமன் கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கப்பலில் போகும்போது யோசித்தவர். பார்த்தீர்களா, தேடினால் எதுவும் கிடைக்கும்.

நவம்பர் 10

'23 பேர் இருந்தால் போதும், இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு என்கிறார்கள், எனக்கு அப்படி யாரையும் தெரியாதே' என்று கேட்டவருக்கு:

அந்தக் கணக்கு உங்களைப் பற்றியது அல்ல. 23 பேரில் யாராவது இருவர் என்பதுதான் கேள்வி. 23 பேரை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தால் 253 ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் 365-இல் ஒரு வாய்ப்பு. அதனால்தான் 50.7 சதவீதம்வரை போகிறது. 57 பேர் சேர்ந்தால் 99 சதவீதம். ஆனால் *உங்கள்* தேதியிலேயே ஒருவர் வேண்டும் என்றால் சுற்றி 253 பேர் இருந்தால்தான் பாதி வாய்ப்பு. அதே 253 இங்கேயும் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இது தற்செயல் இல்லை. இரண்டு இடத்திலும் எண்ணப்படுவது ஜோடிகளைத்தான்.

எனக்கு அப்படி ஒருவர் வேலையிடத்திலேயே உண்டு, கணக்குப் பிரிவில். இருவருக்கும் சேர்த்து ஒரே வாழ்த்து அட்டைதான் வரும். அவர் பெயர் நடுவில் அழகாக இருக்கும். என் பெயரை அப்புறம் ஞாபகம் வந்து சேர்த்தது போல, கடைசி இரண்டு எழுத்து ஓரத்தில் வளைந்து கீழே இறங்கியிருக்கும். கையெழுத்துப் போடுபவர்களில் பாதிப் பேர் அவருக்கு மட்டும் எழுதிவிட்டு 'உங்களுக்கும்தான்' என்று என்னிடம் வாயால் சொல்லிவிடுவார்கள். ஒரே நாளில் பிறந்தவர்களுக்குள் ஒரு பிணைப்பு உண்டு என்று இங்கே யாரோ எழுதியிருந்தார்கள். எங்களுக்குள் இருப்பது அந்த அட்டை மட்டும்தான்.

நவம்பர் 13

23-ஐப் பரிசோதிக்க ஒரு நல்ல இடம் கால்பந்து உலகக் கோப்பை. 2014-இல் 32 அணிகள், அணிக்கு 23 வீரர்கள். 16 அணிகளில் பிறந்தநாள் ஒத்துப்போன வீரர்கள் இருந்தார்கள். சரிபாதி. கணக்கு வாத்தியார்கள் இதைவிட நல்ல உதாரணத்தைக் கனவிலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கிரிக்கெட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் மூன்று பேர் அதையே கேட்டிருக்கிறீர்கள். டிசம்பர் 6. ஆர். பி. சிங் (1985), ரவீந்திர ஜடேஜா (1988), கருண் நாயர் (1991), ஜஸ்பிரித் பும்ரா (1993), ஷ்ரேயஸ் ஐயர் (1994). ஐந்து பேரும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடியவர்கள். இங்கிலாந்தின் ஃபிளின்டாஃபும் (1977) அதே தேதி. இந்தப் பட்டியலை எனக்குப் பிடிக்கும். அதற்கு அர்த்தம் கேட்காதவரை.

நவம்பர் 17

ட்ராட்ஸ்கியை அன்றைக்கு ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். அவர் கதையில் விஷயம் இருக்கிறது.

ரஷ்யப் புரட்சி நடந்தது 1917 நவம்பர் 7. ட்ராட்ஸ்கிக்கு அன்று 38-வது பிறந்தநாள். புரட்சியை முன்னின்று நடத்தியவரின் பிறந்தநாளும் புரட்சியின் நாளும் ஒன்று! ஆனால் அப்போது ரஷ்யாவில் இருந்தது பழைய ஜூலியன் நாட்காட்டி, இன்று நாம் பயன்படுத்தும் புதிய கிரிகோரியன் அல்ல. அதன்படி புரட்சி அக்டோபர் 25. அதனால்தான் நவம்பரில் நடந்ததற்கு அக்டோபர் புரட்சி என்று பெயர். அவர் பிறந்தது அதே பழைய கணக்கில் அக்டோபர் 26. ஒரு நாள் இடிக்கிறது. காரணம், 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் வித்தியாசம் 12 நாள். 1900 ஜூலியனில் மட்டும் லீப் வருடம் என்பதால் அதற்குப் பிறகு 13 நாள். புதிய கணக்கில் மாற்றும்போது இரண்டும் நவம்பர் 7-இல் வந்து விழுகின்றன. அன்று தலைநகர் பெட்ரோகிராடில் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்திருந்தால் 'பிறந்தநாள் நாளைக்கு' என்றுதான் சொல்லியிருப்பார்.

அவரே தன் சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மாயவாதிகள் என்ன முடிவுக்கு வேண்டுமானாலும் வந்துகொள்ளட்டும், தான் இதைக் கவனித்ததே மூன்று வருடம் கழித்துத்தான் என்கிறார். பாவம், அன்றைக்கு வேறு வேலை இருந்தது.

நவம்பர் 18

மேலே எழுதியதை இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். இடைக்கால அரசு இருந்த குளிர்கால அரண்மனை விழுந்தது நள்ளிரவு தாண்டி, விடிகாலை இரண்டு மணி வாக்கில். பழைய கணக்கிலும் அப்போது அக்டோபர் 26 பிறந்துவிட்டது! ஆக, பழைய நாட்காட்டிப்படியும் பிறந்தநாளில்தான் என்று வாதாட ஆள் வந்தால் என்னிடம் பதில் இல்லை. எந்த மணியைப் புரட்சியின் மணி என்று எடுப்பது என்பதுதான் கேள்வி.

நவம்பர் 18, மாலை

நாட்காட்டி விஷயத்தில் இன்னும் இரண்டு.

'கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறந்தார்' என்பதை எல்லோரும் கேட்டிருப்போம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8, இத்தாலியின் புதிய கணக்கில். நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25, இங்கிலாந்தின் பழைய கணக்கில். ஒரே கணக்கில் இருவரையும் வைத்தால்? புதிய கணக்கில் நியூட்டன் 1643 ஜனவரி 4-க்குப் போய்விடுகிறார். பழைய கணக்கில் கலிலியோ 1641 டிசம்பர் 29-க்குப் போய்விடுகிறார். எந்த ஒரு நாட்காட்டியிலும் இருவரும் ஒரே வருடத்தில் நிற்கமாட்டார்கள். இரண்டைக் கலந்தால்தான் அந்த அழகான வாக்கியம் கிடைக்கும். நியூட்டனைக் கிறிஸ்துமஸ் பட்டியலில் போடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 என்று ஒரே தேதியில் இறந்ததாகச் சொல்வதும் இதே ரகம். இருவருக்கும் நடுவில் பத்து நாளுக்கு மேல். ஷேக்ஸ்பியரின் பிறந்தநாளும் ஏப்ரல் 23 என்பது மரபு, அவ்வளவுதான். பதிவேட்டில் இருப்பது 1564 ஏப்ரல் 26-இல் நடந்த ஞானஸ்நானம் மட்டும்.

நவம்பர் 22

இழை நீண்டுகொண்டே போகிறது, அடிப்படையையே யாரும் கேட்கவில்லை. இந்தத் தேதிகள் நிஜமா?

வல்லபபாய் படேல், அக்டோபர் 31. பிறந்தபோது யாரும் பதிவு செய்யவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வுத் தாளில் அவர் எழுதியது அது. ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் வாழ்நாள் முழுக்க 1900 ஜூலை 4 என்று சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்க சுதந்திர தினம், புது நூற்றாண்டு, எவ்வளவு பொருத்தம்! அவர் இறந்த பிறகு ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது: 1901 ஆகஸ்ட் 4. நம் நவம்பர் 7 மைட்னருக்குக்கூட வியன்னா யூத சமூகப் பதிவேட்டில் நவம்பர் 17 என்று இருக்கிறது. மற்ற ஆவணங்கள் எல்லாம் 7 என்கின்றன. அவரும் அதையே கொண்டாடினார். அந்தப் பதிவேட்டை நம்பினால் இந்த இழையின் முதல் வரியில் ஒருவர் குறைந்துவிடுவார்.

அப்புறம் இளையராஜா. ஜூன் 2 இளையராஜாவுக்கும் மணிரத்னத்துக்கும் பிறந்தநாள், எப்படிச் சேர்ந்தார்கள் பாருங்கள் என்று வருடா வருடம் யாராவது எழுதுகிறார்கள். ராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாள். அன்று எல்லா வாழ்த்தும் அவருக்கே போகட்டும் என்று தன்னுடையதை ஒரு நாள் முன்னால் நகர்த்திக்கொண்டார். உண்மையில் ஒத்துப்போன ஜோடி கருணாநிதியும் இளையராஜாவும். அதை மறைக்கப்போய் இன்னொரு ஜோடி உருவாகிவிட்டது. தற்செயலைத் தேடுகிறவர்கள் இப்படி ஒருவர் மரியாதைக்காகச் செய்ததையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

டிசம்பர் 5

'எல்லாவற்றையும் உடைக்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த ஜோடி ஒன்றுகூட இல்லையா' என்று கேட்டவருக்கு. உண்டு. நான் கேட்பது தேதி மட்டும் அல்ல, வருடமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் இருவரும் ஒரே உலகத்துக்குள் வந்தவர்கள்.

இன்றைய தேதியே ஒரு நல்ல உதாரணம். 1901 டிசம்பர் 5: சிகாகோவில் வால்ட் டிஸ்னி, ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் வெர்னர் ஹைசன்பர்க். ஒருவர் எலியை உலகம் முழுக்கத் தெரியவைத்தார். மற்றவர் எதையும் துல்லியமாகத் தெரிந்துகொள்ள ஓர் எல்லை உண்டு என்றார்.

எல்லோரும் சொல்லும் ஜோடி 1809 பிப்ரவரி 12. டார்வின், லிங்கன். ஒருவர் வசதியான மருத்துவர் வீட்டில், மற்றவர் கென்டக்கியில் ஒற்றை அறை மரக்குடிலில். டார்வினுக்கு எட்டு வயதில் தாய் போனார், லிங்கனுக்கு ஒன்பது வயதில். நான் நின்று பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஒற்றுமை என்று காட்டுவதற்காக அல்ல. அந்தக் காலத்தில் அந்த வயதில் தாயை இழப்பது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பது இப்படி இரண்டு பேரைப் பக்கத்தில் வைக்கும்போதுதான் உறைக்கிறது. பணம் இருந்த வீட்டிலும் அதே கதைதான்.

டிசம்பர் 11

இன்று இதை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1882 டிசம்பர் 11. எட்டயபுரத்தில் சுப்பிரமணிய பாரதி. அதே நாள் அன்றைய ஜெர்மனியின் பிரெஸ்லாவில் மாக்ஸ் போர்ன். குவாண்டம் இயற்பியலில் துகள் எங்கே இருக்கும் என்பதை நிகழ்தகவாகத்தான் சொல்ல முடியும் என்று 1926-இல் சொன்னவர், 1954-இல் நோபல். மேலே சொன்ன ஹைசன்பர்க் அவருக்கு உதவியாளராக இருந்தவர்.

பாரதி 1921-இல், 39 முடியும் முன்பே போய்விட்டார். போர்னுடைய பெரிய வேலை அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான் வருகிறது. நாஜிகள் பதவியைப் பறித்த பிறகு, 1935-இல் ராமன் அழைத்துப் பெங்களூர் வந்து சில மாதம் இருந்தார். அப்போது அவருக்கு 53-வது பிறந்தநாள். பாரதி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் 53. பாரதி செய்தது அத்தனையும் 38 வயதுக்குள் என்று எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் தன் வயதுக்காரர் ஒருவர் 1970 வரை இருந்தார் என்று பார்க்கும்போது அந்த எண் வேறு மாதிரித் தெரிகிறது.

மூன்றாவதாக அதே நாள் நியூயார்க்கில் ஃபியரெல்லோ லா கார்டியா. பிற்பாடு அந்த நகரத்து மேயர், விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்தவர். இவரைப் பற்றி எனக்கு இதற்கு மேல் ஆர்வம் இல்லை, முழுமைக்காகச் சொன்னேன்.

டிசம்பர் 12

ரஜினியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கோபப்படுகிறீர்கள். இந்தாருங்கள்: டிசம்பர் 12, ரஜினிகாந்த் (1950), யுவராஜ் சிங் (1981), ஃபிராங்க் சினாட்ரா (1915). வருடம் ஒத்துப்போகவில்லை, என் விதிப்படி சேராது.

அப்படியானால் கண்ணதாசன், எம். எஸ். விஸ்வநாதன்? என்று அடுத்த கேள்வி வரும், தெரியும். ஜூன் 24, 1927. ஜூன் 24, 1928. சரியாக ஒரு வருடம். அவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்துகிறேன், ஏனென்றால் இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்து, ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். பட்டியல்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் சந்தித்ததே இல்லை. அதே ஜூன் 24-இல் மெஸ்ஸியும் (1987) இருக்கிறார். அவரை இதில் நுழைக்க முயற்சி செய்ய வேண்டாம்.

ஜனவரி 8

எல்விஸ் பிரெஸ்லி (1935), ஸ்டீபன் ஹாக்கிங் (1942), டேவிட் போவி (1947). ஹாக்கிங் பிறந்தது கலிலியோ இறந்து சரியாக 300 வருடம் கழித்து. இரண்டும் ஒரே நாட்காட்டி, நான் பார்த்துவிட்டேன். இதைச் சொல்லிவிட்டு, அன்று உலகத்தில் இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகளாவது பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே சேர்த்துச் சொன்னார். இந்த இழையில் நான் இவ்வளவு நாள் எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

பிப்ரவரி 29

இந்தத் தேதிக்குத் தனி மரியாதை. மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896 பிப்ரவரி 29. நான்கு வருடத்தில் அடுத்தது வர வேண்டும், ஆனால் 1900 கிரிகோரியனில் லீப் வருடம் இல்லை. அதனால் தன் முதல் 'நிஜ' பிறந்தநாளுக்கு எட்டு வயதுவரை காத்திருந்தார்: 1904 பிப்ரவரி 29. அன்றைக்குத்தான் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். 1977-இல் பிரதமரான தேசாய், ருக்மிணி தேவியைக் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்கக் கேட்டார். அவர் வேண்டாம் என்றுவிட்டார்.

99 வயதுவரை இருந்த தேசாய்க்கு வந்த பிப்ரவரி 29-கள் மொத்தம் 23. யாராவது அந்த 23-ஐப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: ஒன்றும் இல்லை.

மார்ச் 4

'அப்படியானால் பிறந்த தேதிக்கு ஒரு விளைவும் கிடையாதா?' கிடையாது என்று நான் சொல்லவில்லை. கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணிகளை எடுத்துப் பாருங்கள், ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் தூக்கலாக இருப்பார்கள். வயதுப் பிரிவின் வெட்டுத் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த பையன், அதே பிரிவில் இருக்கும் டிசம்பர் பையனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது பெரியவன். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். உயரம், வேகம் எல்லாம் கூடும், அவனைத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அவனுக்குத்தான் நல்ல பயிற்சி கிடைக்கும்.

1997-இல் பெல்ஜியம் கால்பந்தில் இந்த வெட்டுத் தேதியை ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றியது. ஆகஸ்ட், செப்டம்பர் குழந்தைகளுக்கு இருந்த முன்னிலை அப்படியே வருடத் தொடக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. ராசியை வைத்து விளக்குபவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

மார்ச் 5

டிசம்பர் 6 கிரிக்கெட் வீரர்களுக்கு இதுதான் காரணமா என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வெட்டுத் தேதி மாதங்களைத்தான் விளக்கும், ஒரு தனி நாளை விளக்காது. டிசம்பர் 5-இல் ஷிகர் தவன் இருக்கிறார், 1985, ஆர். பி. சிங்குக்குச் சரியாக ஒரு நாள் மூத்தவர். அந்தத் தேதியைப் பற்றி யாரும் இழை தொடங்கவில்லை.